அகராதியைத் திருத்துமுன் ஒரு கேள்வி



எனக்குப் பத்து வயதிருக்கும். 1990-ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் வீட்டில் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. எங்கள் அப்பாயி பாடிய தாலாட்டு ஒன்றை அப்பா ஒரு கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். ஒரு நாள் வானொலியில் எனக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஒலிபரப்பானது. அவசரத்தில் கைக்குக் கிடைத்த கேசட்டைச் செருகினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பாட்டு நன்றாகவே பதிவாகியது. அப்பாயியின் குரல் போய்விட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் அப்பாயி காலமாகியிருந்தார். அந்தத் தாலாட்டை இன்று வரை வேறு யாரும் எனக்குப் பாடிக் காட்ட முடியவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. கேசட்டின் பின் விளிம்பைக் காட்டினார். அங்கே இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருந்தன. "பதிவு செய்த அன்றைக்கே இதை நான் உடைத்திருக்க வேண்டும். தப்பு என் பேரில்" என்றார்.

அந்தத் தகட்டை உடைத்துவிட்டால் என்ன ஆகும்? டேப்ரிக்கார்டருக்குள் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. தகடு இருந்தால் அது நெம்புகோலைத் தள்ளும். பதிவுப் பொத்தான் கீழே இறங்கும். தகடு இல்லாவிட்டால் நெம்புகோல் பள்ளத்தில் விழும். பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. கேசட்டைக் கேட்கலாம், அழிக்க முடியாது. பின்னால் மனம் மாறினால் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டினால் போதும். மறுபடியும் பதிவு செய்யலாம்.

"படிக்கலாம், மாற்றக்கூடாது" என்னும் இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன். பள்ளியிலும் கல்லூரியிலும் கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் நாம், ஒரு பட்டியலில் எப்படிச் சேர்ப்பது, எப்படித் திருத்துவது, எப்படி நீக்குவது என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறோம். "இதைத் திருத்தலாமா?" என்று கேட்கவும், "இதைத் திருத்தாதே" என்று பூட்டவும் சொல்லித் தருவதில்லை. இது பெரிய குறை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கணிப்பொறியின் அகராதி

அகராதியில் என்ன செய்கிறோம்? ஒரு சொல்லைத் தேடுகிறோம். அதற்குரிய பொருளைப் பெறுகிறோம். கணிப்பொறி நிரல்களிலும் இப்படி ஓர் அமைப்பு உண்டு. அதன் பெயரும் அகராதிதான். பைதான் மொழியில் அதை டிக்ட் என்று சுருக்கிச் சொல்வார்கள். சி ஷார்ப் மொழியில் டிக்ஷனரி. ஜாவாவில் மேப். ஒவ்வொரு பதிவிலும் ஒரு தலைச்சொல்லும் அதற்கு எதிரே ஒரு மதிப்பும் இருக்கும். வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: மாணவரின் எண் தலைச்சொல், அவர் வந்த நாட்கள் மதிப்பு. தொலைபேசிப் பட்டியலில் பெயர் தலைச்சொல், எண் மதிப்பு.

அச்சடித்த அகராதிக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அச்சடித்த அகராதியில் நீங்கள் பேனாவால் கிறுக்கினாலும் பக்கத்து வீட்டுப் பிரதி மாறாது. கணிப்பொறியின் அகராதி அப்படியல்ல. ஒரே அகராதியை நிரலின் பத்துப் பகுதிகள் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கலாம். பத்துப் பிரதிகள் அல்ல, ஒரே புத்தகம்தான். அதில் ஒரு பகுதி ஓர் எழுத்தைத் திருத்தினால் மற்ற ஒன்பது பகுதிகளும் திருத்திய எழுத்தைத்தான் படிக்கும். யார் திருத்தினார், எப்போது திருத்தினார் என்பது அவற்றுக்குத் தெரியாது.

இதனால் என்ன கெடுதல் வரும் என்பதை என் வகுப்பிலேயே கண்டேன்.

நிலவு வந்த கதை

முதலாண்டு இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். தனி ஊசலைக் கட்டி, அதன் அலைவு நேரம் சரியாக 2 வினாடி வரும்படி நூலின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு கணிப்பொறியில் கணக்கிட்ட நீளத்தோடு ஒப்பிட வேண்டும். கணக்கிட வேண்டிய மாறிலிகளை எல்லாம் ஓர் அகராதியில் நானே எழுதிக் கொடுத்தேன். "ஈர்ப்பு முடுக்கம்" என்ற தலைச்சொல்லுக்கு எதிரே 9.8 என்றிருந்தது. ஒரு குழுவுக்கு மூன்று மாணவர்கள். ஆளுக்கொரு பகுதி எழுத வேண்டும்.

ஒரு குழுவில் ஒரு மாணவருக்கு ஆர்வம் அதிகம். நிலவில் இதே ஊசலுக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்க்க ஆசைப்பட்டார். நல்ல ஆசைதான். அகராதியில் ஈர்ப்பு முடுக்கத்தை 1.62 என்று மாற்றினார். விடையும் சரியாக வந்தது: 16.4 சென்டிமீட்டர். திரும்ப 9.8 என்று மாற்ற மறந்துவிட்டார்.

அடுத்த பகுதி ஒரு மாணவியுடையது. சோதனைச் சாலையில் அவர் பொறுமையாக அளந்து கண்ட நீளம் 99.2 சென்டிமீட்டர். கணிப்பொறி 16.4 என்றது. நிரலில் பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை. சூத்திரம் சரி. அவர் எழுதிய வரிகளும் சரி. மூன்று முறை மறுபடியும் அளந்தார். மூன்று முறையும் ஏறக்குறைய 99 தான். கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் நோட்டில் 99.2 என்பதை அடித்துவிட்டு 16.4 என்று எழுதினார்.

அந்த நோட்டைப் பார்த்தபோது என் மனம் மிகவும் சங்கடப்பட்டது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நூல் கண்முன் தொங்குகிறது. அதைக் கையால் தொட்டு அளந்த ஒருவர், தம் கண்ணையும் கையையும் நம்பாமல் திரையில் தெரிந்த எண்ணை நம்பிவிட்டார். அறிவியல் கற்பிக்கும் எவருக்கும் இதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

அந்த மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். நிலவுக்குப் போன மாணவரையும் குறை சொல்ல மாட்டேன். மாறிலி என்ற பெயரில் மாறக்கூடிய ஒன்றைக் கொடுத்தவன் நான். கேசட்டின் தகட்டை உடைக்காமல் விட்டது இந்த முறை நான்தான்.

கேட்டால் பதில் கிடைக்குமா?

"அந்த மாணவர் திருத்துவதற்குமுன் அகராதியிடமே கேட்டிருக்கலாமே" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். சில மொழிகளில் அப்படிக் கேட்க வழி இருக்கிறது.

2002-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட டாட் நெட் அமைப்பில், அகராதி என்று சொல்லிக்கொள்ளும் எந்த அமைப்பும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்தக் கேள்வியின் பெயர் இஸ்ரீட்ஒன்லி. "நீ படிக்க மட்டுமா?" என்பது அதன் பொருள். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். பதில் ஆம் என்றால், அதில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ முடியாது.

அந்த அமைப்பில் ஹைபிரிட் டிக்ஷனரி என்று ஒன்று உண்டு. சொற்கள் சிலவாக இருக்கும்போது வெறும் பட்டியலாக இருக்கும். சொற்கள் பெருகினால் விரைவாகத் தேடக்கூடிய வேறு அமைப்புக்குத் தானே மாறிக்கொள்ளும். அதனிடம் "நீ படிக்க மட்டுமா?" என்று கேட்டால் எப்போதும் "இல்லை" என்ற ஒரே பதில்தான் வரும். எப்போதும் ஒரே பதில் சொல்வதற்கு ஒரு கேள்வி எதற்கு என்று சிரிக்காதீர்கள். கேட்பவருக்குத் தம் கையில் இருப்பது எந்த வகை அகராதி என்று தெரியாமல் இருக்கலாம். எல்லா அகராதிகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம் என்பதுதான் இங்கே முக்கியம். பூட்டே இல்லாத அறைக்கும் "திறந்திருக்கிறது" என்று ஒரு பலகை மாட்டுவது போல.

பைதானில் இந்தக் கேள்வியைச் சற்றுச் சுற்றிக் கேட்க வேண்டும்: "நீ மாற்றத்தக்க அகராதி வகையைச் சேர்ந்தவனா?" என்று. ஜாவாவின் மேப் அமைப்பில் இப்படிக் கேட்க வழியே வைக்கவில்லை. திருத்திப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் "இந்தச் செயலுக்கு இடமில்லை" என்று சொல்லி நிரல் நின்றுவிடும்.

எது நல்லது? கேட்டுவிட்டுச் செய்வதா, செய்துவிட்டு வருவதைப் பார்ப்பதா? இரண்டு கட்சியிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். நான் இப்படிச் சொல்வேன். பாதியில் நின்றால் கெடுதல் வரும் வேலை என்றால், முதலில் கேளுங்கள். புதிய மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றும் நிரல், ஏற்றுமுன்பே பழைய தாளை அழித்துவிட்டது என்று வையுங்கள். அதன்பிறகு "பதிவேடு பூட்டியிருக்கிறது" என்று தெரிந்தால் இரண்டும் இல்லாமல் போகும். அப்படி இழப்பு ஏதும் இல்லாத வேலை என்றால், செய்து பார்த்துப் பிழையைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை.

ஆனால் என் மாணவர் கேட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அகராதி "திருத்தலாம்" என்றுதான் உண்மையைச் சொல்லியிருக்கும். நான்தான் பூட்டவில்லையே! ஆகவே கேள்வியைவிட முதன்மையானது பூட்டு. கேட்பது படிப்பவரின் கடமை. பூட்டுவது கொடுப்பவரின் கடமை.

பூட்டு எங்கே இருக்கிறது?

இங்கே ஒரு நுட்பமான செய்தியைச் சொல்ல வேண்டும். பூட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று உண்மையாகவே தடுக்கும். மற்றொன்று "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று சொல்லும், அவ்வளவுதான்.

முற்காலப் பெரிய கணிப்பொறிகளில் காந்த நாடாச் சுருள்கள் இருந்தன. சுருளின் பின்புறப் பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினால்தான் அதில் எழுத முடியும். வளையம் இல்லையேல் எழுத்து இல்லை. ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பித் தகட்டில் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதை ஒட்டுத்தாளால் மூடினால் எழுத முடியாது. மூன்றரை அங்குலத் தகட்டிலோ ஒரு சிறு சன்னலைத் திறந்து வைத்தால் எழுத முடியாது. ஒன்றில் மூடினால் பூட்டு, மற்றொன்றில் திறந்தால் பூட்டு! வேடிக்கைதான்.

இப்போது கேமராக்களில் பயன்படும் எஸ்.டி. அட்டையைப் பாருங்கள். அதன் விளிம்பில் மேலும் கீழும் நகரும் சிறு தாழ்ப்பாள் உண்டு. அதை நகர்த்தினால் அட்டை பூட்டிக்கொண்டதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அட்டைக்குள் இருக்கும் மின்சுற்றுக்கும் அந்தத் தாழ்ப்பாளுக்கும் தொடர்பே இல்லை. அட்டையைச் செருகும் கருவிதான் தாழ்ப்பாளின் நிலையைப் பார்த்து "சரி, எழுத வேண்டாம்" என்று தானாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பார்க்காத கருவி என்றால் தாராளமாக எழுதிவிடும். கேசட்டின் தகடு போன்றதல்ல இது. வாசலில் போட்ட கோலம் போன்றது. நல்லவர் மிதிக்க மாட்டார்.

நிரல் மொழிகளிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2009-ஆம் ஆண்டுத் தரவரையறையில் ஃப்ரீஸ் என்ற கட்டளை வந்தது. உறையச் செய்தல் என்று பொருள். உறைந்ததா என்று கேட்க இஸ்ஃப்ரோசன் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்த மொழியில் மேப் என்ற அகராதி அமைப்பும் இருக்கிறது. அந்த மேப்பை உறையச் செய்து, "உறைந்தாயா?" என்று கேட்டால் "ஆம்" என்று பதில் வரும். ஆனால் அதன்பிறகும் அதற்குள் புதுச் சொல்லைச் சேர்க்க முடியும்! பெட்டியின் வெளிப்புறம்தான் உறைந்தது. உள்ளே இருக்கும் பதிவுகளை அந்தப் பூட்டு தொடுவதில்லை. கேள்விக்கு வந்த பதில் பொய்யல்ல. நாம் கேட்க நினைத்தது வேறு, கேட்டது வேறு.

இன்னொரு கொடுமை உண்டு. உறைந்த ஒன்றைத் திருத்த முயன்றால், அதே மொழியின் கண்டிப்பில்லாத முறையில் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் போகலாம். திருத்தமும் நடக்காது, நடக்கவில்லை என்ற தகவலும் வராது. கண்டிப்பு முறையில் எழுதினால்தான் பிழை என்று கூவும். நான் எப்போதும் கூவுகிற பூட்டையே விரும்புவேன். வாய் திறக்காத பூட்டால் என் மாணவி போன்றவர்கள்தான் மாலை முழுவதும் ஊசலோடு மல்லாடுவார்கள்.

சன்னலும் பிரதியும்

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். நிதானமாகப் படியுங்கள்.

டாட் நெட் அமைப்பில் 2012-இல் படிக்க மட்டுமான அகராதி ஒன்று தனியே சேர்ந்தது. பைதானிலும் அதே 2012-இல் வந்த 3.3 பதிப்பு முதல் மேப்பிங்பிராக்ஸிடைப் என்ற ஒன்று நிரலாளர் கைக்கு வந்தது. ஜாவாவில் 1998 முதலே அன்மாடிஃபையபிள்மேப் உண்டு. பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் போகட்டும். மூன்றும் செய்யும் வேலை ஒன்றுதான். அசல் அகராதியின் முன்னால் ஒரு கண்ணாடிச் சன்னலை வைக்கின்றன. சன்னல் வழியே பார்க்கலாம். கையை நீட்டித் தொட முடியாது. "நீ படிக்க மட்டுமா?" என்றால் சன்னல் "ஆம்" என்கிறது. அதுவும் உண்மையே.

ஆனால் சன்னலுக்கு அந்தப் பக்கம், அறைக்குள், அசல் அகராதியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் 9.8-ஐ 1.62 ஆக்கினால் என்ன ஆகும்? சன்னல் வழியே பார்க்கும் உங்களுக்கும் 1.62 என்றே தெரியும். நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அது மாறலாம்!

"என்னால் மாற்ற முடியாது" என்பது ஒன்று. "அது மாறாது" என்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

இயற்பியலிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். கிலோகிராம் என்றால் எவ்வளவு? 1889 முதல் 2019 வரை, பாரிசுக்கு அருகே செவ்ர் என்னும் ஊரில் காத்து வைத்த பிளாட்டினம் – இரிடியம் உருளை ஒன்றின் நிறைதான் ஒரு கிலோகிராம். கண்ணாடிக் கூண்டுகளுக்குள், பாதாளப் பெட்டகத்தில் அதை வைத்திருந்தார்கள். பெட்டகத்தைத் திறக்க மூன்று சாவிகள் வேண்டும். உலகில் அதைவிடப் பத்திரமான "படிக்க மட்டும்" பொருள் இருந்திருக்க முடியாது. நாடுகளுக்கெல்லாம் அதன் பிரதிகளைக் கொடுத்திருந்தார்கள். நம் நாட்டுக்குரிய பிரதியின் எண் 57. அது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் அசலையும் பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது என்ன தெரிந்தது? அவற்றுக்கிடையே சுமார் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு வந்திருந்தது. யாரும் உருளையைச் சுரண்டவில்லை. மூன்று சாவிகளும் அவரவரிடமே இருந்தன. எவராலும் மாற்ற முடியாத ஒன்று தானாகவே மாறியிருந்தது. அசல் குறைந்ததா, பிரதிகள் கூடினவா என்று சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் அசல் எவ்வளவோ அதுதானே கிலோகிராம்!

இதற்கு அறிஞர்கள் கண்ட தீர்வு நான்காவது சாவி அன்று. 2019 மே 20 முதல் கிலோகிராமை ஓர் எண்ணோடு கட்டிவிட்டார்கள். பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல் வினாடி என்று துல்லியமாக நிலைநிறுத்தி, அதிலிருந்து கிலோகிராமை வரையறுத்தார்கள். உருளை மாறலாம், வரையறுத்த எண் மாறாது. சன்னலிலிருந்து உண்மையான மாறாமைக்குப் போன பயணம் அது.

நிரலிலும் இதே பயணம் நடந்திருக்கிறது. ஜாவாவில் 2017-இல் பிறக்கும்போதே மாறாத மேப்பை உருவாக்கும் வழி வந்தது. 2018-இல் ஓர் அகராதியின் மாறாப் பிரதியை எடுக்கும் வழி வந்தது. டாட் நெட்டில் 2023-இல் உறைந்த அகராதி என்றே பொருள்படும் ஃப்ரோசன் டிக்ஷனரி வந்தது. இவற்றில் அறைக்குள் ஆள் இல்லை. அசல் என்று தனியே ஒன்று பின்னால் நிற்பதில்லை.

அலமாரியும் இழுப்பறைகளும்

இன்னும் ஓர் எச்சரிக்கை. அகராதியின் மதிப்பாக எண்ணுக்குப் பதில் இன்னோர் அகராதியே இருக்கலாம். "புவி" என்ற தலைச்சொல்லுக்கு எதிரே ஒரு சிறு அகராதி. அதில் ஈர்ப்பு முடுக்கம், ஆரம், நிறை. "நிலவு" என்பதற்கு எதிரே இன்னொன்று. இப்போது வெளி அகராதியைப் பூட்டினால் உள்ளே இருப்பவையும் பூட்டிக்கொள்ளுமா? பெரும்பாலும் இல்லை. "புவி" என்ற பதிவையே தூக்கி எறிய முடியாது. ஆனால் புவியின் சிறு அகராதியைத் திறந்து 9.8-ஐத் திருத்த முடியும். அலமாரியைச் சுவரோடு ஆணியடித்துவிட்டோம். இழுப்பறைகள் திறந்தே கிடக்கின்றன. ஒவ்வோர் இழுப்பறைக்கும் தனியே பூட்டுப் போட வேண்டும்.

மறுப்பவர்களுக்கு

இதைப் பற்றி எங்கள் கல்லூரியில் பேசியபோது நண்பர் ஒருவர் மறுத்தார். "எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தால் மாணவர்கள் கை வைத்துப் பார்ப்பது எப்படி? நிலவுக்குப் போக வேண்டும் என்ற ஆசை அந்தப் பையனுக்கு வந்ததே, அதைப் பூட்டு கொன்றுவிடாதா?" என்றார். நியாயமான கேள்வி. நானும் இரண்டு நாள் யோசித்தேன்.

நூலகத்தில் குறிப்புதவிப் பகுதி இருக்கிறது. அங்குள்ள அகராதியில் யாரும் எழுதக்கூடாது. அதனால் உங்கள் ஆர்வம் குறைந்துவிடுகிறதா? வேண்டியதை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். அந்த நோட்டில் அடிக்கலாம், திருத்தலாம், படம் வரையலாம். நிலவுக்குப் போக விரும்பிய மாணவர் அகராதியைப் பிரதி எடுத்து, தம் பிரதியில் 1.62 என்று எழுதியிருந்தால், அவருக்கும் விடை கிடைத்திருக்கும். அடுத்தவருக்கும் புவி புவியாகவே இருந்திருக்கும். பூட்டு ஆராய்ச்சியைத் தடுப்பதில்லை. "பிரதி எடுத்துக்கொண்டு போ" என்று வழிகாட்டுகிறது. பொதுவில் இருப்பதை மதிக்கவும், தன்னுடையதில் துணிந்து விளையாடவும் கற்றுக்கொடுக்கிறது. நண்பர் ஒத்துக்கொண்டாரா என்றால், பாதி ஒத்துக்கொண்டார்.

மற்றொரு மறுப்பு: "பள்ளி மாணவர் எழுதும் இருபது வரி நிரலுக்கு இவ்வளவு பாதுகாப்பு எதற்கு?" என்பது. இருபது வரியில் பழகாதது இருபதாயிரம் வரியில் வராது. இன்று ஊசலின் நீளம். நாளை நீங்கள் மருந்தின் அளவைக் கணக்கிடும் நிரலோ, தேர்வு மதிப்பெண் ஏற்றும் நிரலோ எழுதப்போகிறீர்கள். அங்கே தவறாக மாறிய ஒரு மதிப்பை யாரும் நூல் கட்டி அளந்து பார்க்க மாட்டார்கள்.

நான் வேண்டுவது

ஆகவே நான் வேண்டுவது நான்குதான். பலர் பயன்படுத்தும் அகராதியைக் கொடுக்கிறீர்களா? பூட்டிக் கொடுங்கள், பிழை நேர்ந்தால் கூவுகிற பூட்டாகப் போடுங்கள். அடுத்தவர் கொடுத்ததைத் திருத்தப் போகிறீர்களா? திருத்தலாமா என்று கேளுங்கள். படிக்க மட்டும் என்று பதில் வந்ததா? அது சன்னலா, மாறாப் பிரதியா என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள். விளையாட ஆசையா? பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் எழுதுபவர்கள் அகராதியில் சேர்ப்பதும் நீக்குவதும் சொல்லித் தரும் அதே பக்கத்தில் இவற்றையும் சேர்க்க வேண்டும். அதற்கு அரைப் பக்கம் போதும்.

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் பைதான் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். மூன்று கோள்களின் ஈர்ப்பு முடுக்கத்தை ஓர் அகராதியில் எழுதுங்கள். அதன்மேல் மேப்பிங்பிராக்ஸிடைப் சன்னலை மாட்டுங்கள். சன்னல் வழியே ஒரு மதிப்பைத் திருத்த முயலுங்கள். வகைப்பிழை என்று நிரல் நிற்கும். பிறகு அசலைத் திருத்துங்கள். சன்னல் வழியே பாருங்கள். கடைசியாக, அசலின் பிரதி ஒன்றை எடுத்து, அந்தப் பிரதியின் மேல் சன்னலை மாட்டி, பிரதியை வேறு யார் கையிலும் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். இப்போது அசலைத் திருத்தினால் என்ன தெரிகிறது? மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

அந்த மாணவியின் நோட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மறுநாள் அவரை அழைத்து, எங்கே தவறு நடந்தது என்று காட்டினேன். மாறிலிகளைப் பூட்டாமல் கொடுத்தது என் பிழை என்றும் வகுப்பின் முன் சொன்னேன். அகராதியைப் பூட்டி அதே நிரலை மறுபடியும் ஓட்டினோம். நிலவுப் பகுதியின் ஐந்தாவது வரியில் நிரல் நின்றது. அந்தப் பகுதிக்குத் தனிப் பிரதி கொடுத்ததும் கணக்கிட்ட நீளம் 99.3 சென்டிமீட்டர் என்று வந்தது. அவர் அளந்தது 99.2.

"சார், 16.4-ஐ அழித்துவிடட்டுமா?" என்று ரப்பரை எடுத்தார். வேண்டாம் என்றேன். அடித்த 99.2-க்குப் பக்கத்தில் "இதுவே சரி" என்று எழுதித் தேதியும் போடச் சொன்னேன். செய்முறை நோட்டில் எழுதியதை அழிக்கக்கூடாது அல்லவா? சேர்க்கலாம், அழிக்கக்கூடாது. அதுவும் ஒரு வகைப் பூட்டுதான்.